சமதரையில் நடந்த சிறுமி

மார்ச் 3

அச்சகத்திலிருந்து புதிய வேலை வந்திருக்கிறது. வழக்கம்போல முதலில் திட்டம்:

1. ஏழாம் வகுப்பு அறிவியல் நூலின் ‘இயக்கம்’ பாடத்தைப் பத்தாம் தேதிக்குள் மெய்ப்புத் திருத்திக் கொடுத்தல்.
2. ஒற்று, நிறுத்தக்குறி ஆகியவற்றோடு படங்களையும் பார்த்தல்.
3. ஐயம் வந்தால் அகராதியைப் பார்த்தல்.
4. மனைவியைத் தொந்தரவு செய்யாதிருத்தல். அவளுக்குத் தொடர்பில்லாத துறை.

அச்சக மேலாளர் போனில், “ஐயா பாத்துட்டா நேரா மிஷின்தான்” என்றார். மகிழ வேண்டியவன் அந்த வாக்கியத்தையே திருப்பித்திருப்பி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பிறகு யாரும் பார்க்கமாட்டார்கள் என்றுதானே அதற்குப் பொருள்?

மார்ச் 5

எழுத்தில் பதினேழு பிழைகள். படங்களில் நிலைமை இன்னும் மோசம்.

முதல் படத்தில் ஒரு மிதிவண்டி. ஒவ்வொரு நொடியிலும் அது இருந்த இடத்தைப் புள்ளியாகக் குறித்திருக்கிறார்கள். புள்ளிகள் தொடக்கத்தில் நெருக்கமாகவும் போகப்போக விலகியும் கிடக்கின்றன. பக்கம் வடிவமைத்தவரின் கவனக்குறைவு. அளவுகோல் வைத்துச் சமமாகக் குறித்து, ஓரத்தில் ‘இடைவெளியைச் சீராக்குக’ என்று எழுதினேன்.

அடுத்தது கோட்டுப்படம். ஒரு சிறுமி வீட்டிலிருந்து நூலகம் போய்த் திரும்புகிறாள். கோடு ஏறுகிறது, மட்டமாக ஓடுகிறது, இறங்குகிறது. மட்டமான பகுதியின் கீழே ‘அசையாமல் இருக்கிறாள்’ என்று போட்டிருக்கிறது. கோடு இவ்வளவு தூரம் ஓடும்போது இவள் எப்படி அசையாமல் இருப்பாள்? ‘சமதரையில் நடக்கிறாள்’ என்று திருத்தினேன். ‘வீடு திரும்புகிறாள்’ என்பதை ‘மேட்டிலிருந்து இறங்குகிறாள்’ ஆக்கினேன்.

சிறு தயக்கம். நூலகத்தை மேட்டில் கட்டுவார்களா? கட்டலாம். வெள்ளம் வந்தாலும் நூல்கள் நனையாது. இருந்தாலும் திட்டத்தின் மூன்றாம் அம்சப்படி அகராதியைப் பார்த்தேன். ‘கோடு’ என்பதற்கு மலையுச்சி என்றும் ஒரு பொருள் இருக்கிறது. ஐயம் தீர்ந்தது.

மார்ச் 7

அனுப்பிவிட்டேன். மூன்று நாள் முன்னதாகவே.

மார்ச் 9

மூக்குக்கண்ணாடியைத் தேடப்போன மனைவி, நான் எடுத்துவைத்திருந்த நகலைப் பார்த்துவிட்டாள். சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டாள்:

“ஏங்க, இந்தப் பொண்ணு லைப்ரரிக்குப் போய் ஒரு பக்கம்கூடப் படிக்கலையா?”

அங்கே சமதரை என்று விளக்கினேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவள் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவள். அங்கே ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு கோடு வரைவார்களாம். கீழிருந்து மேலாக நிலையங்கள், இடமிருந்து வலமாக நேரம்.

“ரயில் நின்னாலும் கடிகாரம் நிக்காதுல்ல? அதான் கோடு மட்டமா போகுது. உங்க கணக்குப்படி பாத்தா என் வண்டியெல்லாம் முப்பத்தோரு வருஷமா மலை ஏறி இறங்கிட்டு இருந்திருக்கு.”

புள்ளிகளைக் காட்டினேன். அந்த மிதிவண்டி வேகமெடுக்கிறதாம். அதனால்தான் ஒரு நொடியில் கடக்கும் தூரம் கூடிக்கொண்டே போகிறதாம். நான் குறுக்கே புகுந்து அதை ஒரே சீராக ஓட்டிவிட்டேன்.

எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அதைப் படித்துத் தேர்வில் எழுதுவார்கள். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

இன்னொன்று. முப்பத்தோராண்டு அவள் விரலில் மையோடு வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். என்ன வரைந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மார்ச் 10

போன் செய்யவில்லை.

மார்ச் 11

செய்தேன். மேலாளர் எடுத்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். நாற்பது ஆண்டுகளாக அடுத்தவர் பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்டவன் — என் பிழையைச் சொல்ல வாய் வரவில்லை. இனி வேலை தருவார்களா? தராவிட்டால் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன்?

மார்ச் 12

காலையில் மேசைமேல் ஒரு நாட்காட்டித் தாள், பின்பக்கம் மேலாக. அதில் அவள் கையெழுத்து. கீழே ‘நாற்காலி’, மேலே ‘கூடத்துப் போன்’, அடியில் வரிசையாகத் தேதிகள். ஒன்பதாம் தேதியிலிருந்து கோடு மட்டமாக வந்து, பதினொன்றில் சரேலென ஏறி, உடனே இறங்கி, மறுபடி மட்டமாகக் கிடந்தது.

“வாசிங்க பண்டிதரே.”

“நாற்காலியில் இருக்கிறேன். எழுந்து போனுக்குப் போனேன். திரும்பி வந்துவிட்டேன். மறுபடியும் நாற்காலி.”

“மேட்டுலேர்ந்து இறங்கலையா?”

“இல்லை.”

“அப்ப பாடம் புரிஞ்சிடுச்சு. எழுந்திருங்க.”

எழுந்தேன். அவள் கூடத்துக்கு வரவில்லை. ஆனால் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அகராதி உட்பட. மிதிவண்டிப் பக்கம் அச்சாகிவிட்டது, பிழைதிருத்தச் சீட்டுத்தான் வைக்கவேண்டும் என்றார். சிறுமியின் பக்கம் நாளைக்குத்தான் மிஷின் ஏற இருந்தது, நிறுத்திவிடுகிறாராம்.

“நீங்க சொல்லலேன்னா எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது ஐயா.”

அதை நினைத்துத்தான் மூன்று நாளாகத் தூக்கமில்லை என்றேன். கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். வீட்டில் என்றேன்.

“அப்ப இனிமே அறிவியல்னா அவங்களும் ஒருதடவை பாத்துடட்டும்.”

மார்ச் 20

பிழைதிருத்தச் சீட்டு: ‘பக்கம் 38. புள்ளிகளின் இடைவெளி சீராக இருப்பது தவறு. வலப்பக்கம் போகப்போக அகன்றுகொண்டே செல்லவேண்டும்.’ எழுதியது நான். அதிலும் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. பிடித்தது அவள். மாலைவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 27

எட்டாம் வகுப்பு நூல் வந்திருக்கிறது. என் மேசைக்கு இன்னொரு நாற்காலியும் வந்திருக்கிறது. இதை எழுதும்போது எதிரில் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள். ரயில்வேயில் எல்லாரும் இவ்வளவு கூர்மையாகத்தான் சீவுவீர்களா என்று கேட்டேன். அரைமணி நேரம் பதில் வந்தது.

மூன்றாம் தேதியிட்ட திட்டத்தில் நான்காம் அம்சம் தவறு. நீக்குக.