வேண்டுதல் இல்லாமல் ஒரு மலை

1969 ஏப்ரல் 6

இன்றும் பஸ் கம்பெனி ஷெட்டில் அதே கேலி. "டைம் கீப்பருக்கு வெயில் மண்டையில ஏறிப்போச்சு" என்கிறார் டிரைவர் கோட்டைச்சாமி. முன்பு கொடைக்கானலுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். "லாரியே முக்கி முனகித்தான்யா ஏறும். நீ சைக்கிள்ல ஏறுவியா?"

ஏறுவேன். வத்தலக்குண்டிலிருந்து முப்பது மைலுக்கு மேல். மூச்சு வாங்கினால் நிற்கலாம், தண்ணீர் குடிக்கலாம். ஆனால் ஓர் அடிகூட இறங்கித் தள்ளக் கூடாது. எதற்கு என்று கேட்கிறார்கள். ஆசை, அவ்வளவுதான். முப்பத்திரண்டு வயதில் ஒருவனுக்கு ஓர் ஆசை இருக்கக் கூடாதா?

ஏப்ரல் 17

காரைக்குடியில் மேடு என்று சொல்ல என்ன இருக்கிறது? பழக்கத்துக்காகக் கண்மாய்க் கரையில் சைக்கிளில் இருபது முறை ஏறி இறங்கினேன். மாடு மேய்ப்பவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஏப்ரல் 28

அம்மா காரியத்தைக் கெடுத்துவிட்டாள். மகன் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவருக்கு வேண்டிக்கொண்டு சைக்கிளில் போகிறான் என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"ஏம்மா இப்படிச் சொன்னே?"

"பின்னே, சும்மா போறான்னு சொல்லவா? கிறுக்குப் பயன்னு சொல்லுவாக."

இந்த ஊரிலிருந்து பழனிக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள்! ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வேண்டுதல் இல்லாதவன் நான் ஒருவன்தான் பைத்தியம்.

மே 8

கோவிலில் சேர்க்கச் சொல்லித் தெருக்காரர்கள் கொடுத்தது வீட்டில் குவிந்துவிட்டது: பதினோரு தேங்காய், ஒரு சிப்பம் வெல்லம், நெய் டின், மூன்று பட்டுத் துண்டு. நான் சைக்கிளில் போகிறேனா, வண்டி கட்டிப் போகிறேனா? எரிச்சலாக வருகிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மீனம்மாள் வந்தாள். அவள் புருஷன் கருத்தையா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து ஆறு மாதமாகக் கட்டிலோடு கிடக்கிறார். வெள்ளியில் விரல் நீளத்துக்கு ஒரு கால் உரு கொடுத்தாள். "தம்பி, நீங்க உடம்பு நோக மிதிச்சுப் போறீக. உங்க கையால உண்டியல்ல போட்டாத்தான் பலிக்கும்." எந்த வாயால் மறுப்பேன்?

மே 11, வத்தலக்குண்டு

இரண்டு நாள் வெயிலில் மூட்டையோடு வந்து சேர்ந்தேன். தொடை கல்லாகிவிட்டது.

மே 12, கொடைக்கானல்

ஏறிவிட்டேன். ஏறிவிட்டேன்.

காலையில் மலை தொடங்கிய முதல் ஏற்றத்திலேயே பின்பாரம் இழுத்து முன்சக்கரம் தூக்கியது. விழப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பி வந்து அடிவாரத்து டீக்கடையில் மூட்டையை இறக்கினேன். "நீங்களே வச்சுக்கோங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். எட்டரை மணி நேரம். ஓர் அடிகூடத் தள்ளவில்லை. பெருமாள்மலைக்கு மேல் பனி இறங்கியது. அழுதேன் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக் கால் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கோவில் பக்கத்தில்தான். போகவில்லை. இன்று ஒரு நாள் எனக்கு.

மே 13

காலையிலும் போகவில்லை. ஏன் இந்த வீம்பு? மலை இறங்கி வந்து வத்தலக்குண்டு கடைத்தெருவில் விபூதிப் பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

மே 15, காரைக்குடி

வாசலில் ஆரத்தி. காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். எல்லாரும் கேட்டது தரிசனத்தைப் பற்றித்தான். மலையைப் பற்றி வாய் திறந்தால் மற்றதும் வெளியே வந்துவிடும். மென்று விழுங்கினேன். கருத்தையா நெற்றியில் கடை விபூதியை நானே பூசினேன்.

மே 16

என் மனைவி சிகப்பி துவைக்க எடுத்த சட்டையில் வெள்ளிக் காலைக் கண்டுவிட்டாள். "கோயிலுக்குப் போகலையா?" இல்லை என்றேன். அவள் அதை அரிசிப் பானைக்குள் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 3

கருத்தையா கம்பு ஊன்றி வாசல் வரை நடந்தார். மீனம்மாள் என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாள். விலகி உள்ளே ஓடிவிட்டேன். என்ன பிழைப்பு இது?

நான் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அந்த ஏற்றம். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

1970 ஏப்ரல் 20

மறுபடியும் தேங்காய் வர ஆரம்பித்துவிட்டது. "இந்த வருசம் எப்போ மிதிக்கிறீக?" என்கிறார்கள். கருத்தையா தன் கையாலேயே சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் தந்தார்.

மே 10

கொடைக்கானலுக்கு பஸ்ஸில் வந்தோம். சைக்கிளில் இல்லை என்றதும் அம்மாவுக்கு வருத்தம், தெருவுக்கு ஏமாற்றம். சிகப்பியும் வந்தாள். அத்தனை மூட்டையும் வந்தது. கோவிலில் வெள்ளிக் காலை உண்டியலில் போட்டேன். மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

முன்னதாக, பஸ் மலை ஏறி வரும்போது சிகப்பி இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். பிறகு ஜன்னலில் தலை சாய்த்துப் பள்ளத்தையும் வளைவையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இம்புட்டையுமா மிதிச்சு ஏறுனீக?"

ஆமாம் என்றேன்.

"எந்த இடம் ரொம்பச் சிரமம்?"

ஒரு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. பஸ் மேலே வந்து நிற்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.