நட்சத்திரம் கேட்டு நாற்காலி காட்டியவருக்கு

என்னங்க,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். ஆனால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. நான் இப்போது துபாயில், அல் குசைஸில், நம் மகள் கயல் வீட்டில் இருக்கிறேன். விசா எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று கடைசிவரை எனக்குத் தண்ணி காட்டினீர்களே, நான் கேட்டதுமே அவள் எடுத்துவிட்டாள்.

நேற்று மத்தியானம் நீங்கள் வேலை பார்த்த ரெஸ்டாரண்டுக்குப் போனோம். கயலும் நானும், அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் நிரோஜனும். யாழ்ப்பாணத்துப் பையன், எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஜாதகத்தில் ரஜ்ஜு தட்டுகிறது. மாங்கல்யத்துக்கு ஆகாது என்பார்களே! தாலியை இழந்தவளுக்கு அந்தப் பயம் வராதா? நான் சம்மதிக்காமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரெஸ்டாரண்ட் கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் குடிக்கவும் ஜோடி தேடவும் வருகிற இடம் என்று ஊரில் யாரோ சொன்ன நாளிலிருந்து அதைப் பார்க்க எனக்கு ஆசை. உங்களைக் கேட்டால், "வர்ற ஆளைக் கூட்டிட்டுப் போயி உக்கார வைக்கிறதுதான் என் டூட்டி" என்று சிரிப்பீர்கள். அதில் சிரிக்க என்ன இருந்தது?

பார் இருந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்குகிறார்கள். கூரை உயரக் கண்ணாடியும் நீள மேசையும் மட்டும் அப்படியே இருக்கின்றனவாம். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது, உங்கள் முகமும் இதில்தானே தெரிந்திருக்கும் என்று தோன்றியது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

காபி கொண்டுவந்த நேபாளத்துப் பெண் கால் இடறி நிரோஜன் மேல் கொட்டிவிட்டாள். வெள்ளைச் சட்டை பாழாகிவிட்டதே என்று நான் பதறினேன். அவரோ, "அன்ரி, அவவுக்குக் கை சுட்டுப் போட்டுது. அந்தக் கிளாசில இருக்கிற ஐஸை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்றார்.

ஓடிவந்த மலையாளி சூப்பர்வைசர் பிஜு உங்களோடு வேலை பார்த்தவராம். கயல் உங்கள் பெயரைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சேச்சி, மணியண்ணன் இல்லேன்னா இந்தக் கடைக்குப் பேரே இல்லை. அப்போ இங்க வெள்ளிதான் லீவு, வியாழக்கிழமை சாயங்காலம் லிஃப்ட் வரைக்கும் கியூ நிக்கும். வாசல்லயே பிறந்தநாள் கேப்பார், விரலை மடக்கி எண்ணுவார், ஒரு நட்சத்திரம் சொல்லுவார், அதுக்குப் பொருத்தமான ஆளுக்கு எதிர்ல உக்கார வைப்பார். வெள்ளைக்காரங்களுக்கு அது ஒரே கிரேஸ். ஒரு ரோகிணியையும் அஸ்தத்தையும் சேத்து வச்சார். இன்னைக்கும் பிள்ளைங்களோட வர்றாங்க."

"ரோகிணிக்கு அஸ்தமா? ரஜ்ஜு தட்டுமே!" என்றேன்.

"அது சும்மா ஷோ, சேச்சி! கியூவில தண்ணி ஊத்துற ஆள்கிட்ட எப்படிப் பேசுறாங்கன்னுதான் அண்ணன் பாப்பார். மரியாதையாப் பேசுற ரெண்டு பேரைத்தான் எதிரெதிரே உக்கார வைப்பார்."

அடப் பாவி மனுஷா! என்னிடம் இதை ஒரு நாளும் சொல்லவில்லையே.

நம் இருவருக்கும் ரஜ்ஜு பொருந்தித்தான் இருந்தது. அப்புறமும் போய்விட்டீர்களே. பெண் பார்க்க வந்த அன்று, என் அத்தை அதட்டியும் கேட்காமல், வெயிலில் நின்ற உங்கள் கார் டிரைவருக்குத்தான் முதலில் காபி கொண்டுபோனேன். நீங்கள் ஜன்னலோரம்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? பார்த்தீர்களா?

நிரோஜன் இன்னும் ஈரச் சட்டையோடு அந்தப் பெண்ணிடம் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, போயி சட்டையை அலசிட்டு வாங்க" என்றேன். அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கயல் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

தை பிறந்ததும் கல்யாணம். பந்தியில் டிரைவர்களையும் சமையல்காரர்களையும் முதலில் உட்கார வைப்பேன். சத்தியம்.

இப்படிக்கு,
நிரோஜனின் மாமியாராகப் போகும்
உங்கள் செல்வி