தைக்கு வருவதாக நான் சொன்னது

சேக்காடு, ஆவடி
14-10-1976

அன்பு மகன் செங்கல்வராயனுக்கு அப்பா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். உன் அம்மாவும் நலம் என்று இந்த முறை எழுத முடியவில்லை. வயிற்றில் கட்டி. கார்த்திகை பிறப்பதற்குள் அறுத்து எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் மாட்டேன் என்கிறாள். காரணம் நானும் நீ அனுப்பிய கேசட்டும்தான்.

ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் சின்ன ரேடியோவில் வாரம் ஒரு மணி நேரம் பாட்டுப் போடுகிறேன், புரோகிரசிவ் ராக் என்று பெயர் என எழுதியிருந்தாய். அதற்குத்தான் நான் வேண்டாம் என்றும் கடல் தாண்டிப் படிக்கப் போனாய் போலிருக்கிறது. அதைப் பதிந்து நீ அனுப்பிய கேசட்டைக் கேட்க நம்மிடம் ஏது மெஷின். உன்னைக் கிளப்பிவிட்ட உன் மாமன் நாகப்பனிடம் இருக்கிறது. நீ விமானம் ஏறிய நாளிலிருந்து நான் முகம் பார்க்காதவன் வாசலில் உன் அம்மாவுக்காகப் போய் நின்றேன். மெஷினைக் கொடுத்தான், "இன்னா மச்சான், ஊட்டுக்கு வழி தெரிஞ்சிச்சா" என்று ஒரு குத்தலும் கொடுத்தான்.

ஒரு பாட்டு இருபத்திரண்டு நிமிடம். ஆர்கன், புல்லாங்குழல், திடீரென்று இடி, தாளம் பிடிபடும்போது வேறு தாளம். "பம்பைக்காரன் மாரி அடிக்கிறானுங்கோ, சாமி வர்ற நேரத்துல அடிய மாத்திடறானுங்கோளே" என்று உன் அம்மா சிரித்தாள். ஓட்டிவிட்டு உன் பேச்சை மட்டும் வைக்கிறேன் என்றேன். "புள்ள போட்ட பாட்ட தள்ளாதய்யா, அவனும் அங்க குந்திகினு கேட்டுகினு இருந்திருப்பான்" என்று தடுத்துவிட்டாள். அத்தனை நேரமும் வலியோடு உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்ததும் நீ இங்கிலீஷில் பேசினாய். உன் பெயர் ராய் என்றாய். என் அப்பாவின் பெயரில் வால் மட்டும் உனக்குப் போதுமாகிவிட்டது. வாசித்தவர்கள் பெயரைச் சொன்னாய், நாளைக்குப் பனி விழும் என்றாய், அவ்வளவுதான்.

என்ன சொல்கிறான் என்று கேட்டாள். உன்னைச் சௌக்கியமா என்று கேட்கிறான் என்றேன். "நல்லா கீறேன் நைனா" என்று மெஷினைப் பார்த்துப் பதில் சொன்னாள். அடுத்த பாட்டு முடிந்து நீ பேசியதும் மறுபடி கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துப் பனி விழுகிறது என்று சொல்ல என்னால் முடியவில்லை. தைக்கு வருகிறானாம் என்றேன்.

இப்போது, புள்ள வரட்டும், முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கத்திக்குப் படுப்பேன் என்கிறாள். உண்மையைச் சொன்னேன். "உனுக்கு அவன் மேல எப்பவும் ஆத்திரம். அதான் வர்றேன்னு சொன்னவன இல்லன்ற" என்றாள். எடுத்துச் சொல் என்று நாகப்பனைக் கேட்டேன். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. "நீ என்னிக்கு அவன நல்லா சொன்ன மச்சான், இப்ப நம்பறதுக்கு" என்று எழுந்து போய்விட்டான். இத்தனை வருடம் உன்னைப் பற்றி நான் பேசியதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பதில் கடிதம் போடாதே. அதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும், பிரயோசனம் இல்லை. இது கிடைத்த அன்றே ஒரு கேசட்டில் தமிழில் பேசி அனுப்பு. பாட்டு வேண்டாம். தைக்கு வரவில்லை, அப்பா சொன்னது பொய், நீ ஆஸ்பத்திரிக்குப் போ அம்மா என்று சொல். என்னைப் பற்றி உன் மனதில் இருப்பதையும் சேர்த்துச் சொல், தடுக்க மாட்டேன். நீ என்னைத் திட்டினால் அவள் சீக்கிரம் நம்புவாள்.

குளிரில் காதை மூடிக்கொள். நீண்ட ஆயுளோடு இரு.

உன் அப்பா,
ஜெயராமன்