மூன்றாம் நிலைக்கு வைத்த நேர்த்தி

மே 11, ஞாயிறு
பூசை முடிந்து வெளியே வந்தால் குறிஞ்சிப்பிட்டி முழுக்கத் தெரிந்திருக்கிறது: கணினிப் பாதுகாப்புப் பரீட்சை, அதுவும் மூன்றாம் நிலை, ஒரு பெட்டை எழுதப்போகிறாளாம். நான்தான் அந்தப் பெட்டை. நான் தேறினால் திருவிழாவுக்கு வீட்டிலிருந்து தலவிலக் கோயில்வரை நடப்பதாக அம்மா புனித அன்னம்மாளுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார். முழங்கால் வலியோடு! ஏன் மூன்றாம் நிலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்? மூன்று பெரிசு, அவ்வளவுதான்.

மே 20
மாதிரி வினாத்தாள். ஒரு வங்கியில் ஆயிரம் கம்ப்யூட்டராம், கள்ளன் எந்த வழியால் நுழைந்தான் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் கண்டதெல்லாம் நான் வேலை பழகும் மிஹ்லார் நானாவின் கடைக்குத் திருத்த வரும் மடிக்கணினிகள்தான். நூற்றுக்குப் பதினெட்டு. சீ.

மே 23
ஆலங்குடா ஹோட்டலொன்றில் நெட்வேர்க் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். காற்றுக் காலத்தில் அங்கே கூரை அன்டெனா திரும்பி வைஃபை போய்விடும். நானாவோடு போய் எத்தனை தரம் நேராக்கிக் கட்டியிருப்பேன்! ஆனால் நெட்வேர்க் பிரிவில் முதலாம் நிலைச் சான்றிதழ் வேண்டுமாம். கொழும்பு வங்கி விளம்பரங்களையும் பார்த்தேன். மூன்றாம் நிலையோடு ஐந்து வருட அனுபவமும் கேட்கிறார்கள். நானா சிரித்தார்: "கூரையில ஏர்ற புள்ள, பேங்க்ல கள்ளன் புடிக்கவா போறா?"

மே 24
மாற்றிவிட்டேன். நெட்வேர்க் முதலாம் நிலைதான். மூன்றாம் நிலையின் பெரிய புத்தகம் அலுமாரிக்கு மேலே போய்விட்டது. அம்மாவிடம் யார் சொல்வது?

மே 26
சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை. ஊர் சிரிக்குமென்று கவலையா என்று கேட்டேன்.
"ஊர் கிடக்கட்டும். நேர்த்தி பெரிய சோதினைக்கெல்லோ வைச்சனான். சின்னதுக்கு முழுக்க நடந்தா அன்னம்மாள ஏமாத்தினது. நடக்காட்டி நன்றி இல்ல. இப்பிடி மாட்டி விட்டிட்டியே பிள்ள!"
எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஜூன் 28
பாஸ்!

ஜூலை 9
வேலையும் கிடைத்தது. நேர்முகத்தில் பெரிதாகக் கேள்வி இல்லை. சான்றிதழைப் பார்த்தார்கள், நேரே கூரைக்கு ஏற்றிவிட்டார்கள். இறங்கி வரும்போது வைஃபை வந்துவிட்டது. அம்மா கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். நேர்த்தியைக் கேட்டால் மட்டும், "பாப்பம்."

ஓகஸ்ட் 2, சனி
அம்மா விடியவே திருவிழாவுக்கு வெளிக்கிட்டார். நானும் கூட நடந்தேன். முழுத் தூரமும் நடக்கப்போகிறாரோ என்று அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. பிளேன்ரீ குடித்தார். எழும்பினார். தலவில பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார்.
"என்னம்மா, நேர்த்தி?"
"இவ்வளவும் இந்தச் சோதினைக்கு. மிச்சப் பாதி மூண்டாவதுக்கு. அன்னம்மாளிட்டச் சொல்லிப்போட்டன். எத்தின வருசம் எண்டாலும் பரவாயில்ல."
நானும் பின்னால் ஏறினேன்.
வீட்டுக்கு வந்ததும் கதிரையில் ஏறி அலுமாரி மேலிருந்த புத்தகத்தை எடுத்தேன். ஊதிப் பார்த்தேன், தூசியே இல்லை. யாரோ துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். வேறு யார்.