ரப்பருக்கு அடியில் மணல்

என் அன்பு மனைவிக்கு,

நான் சௌகரியம். உன் முட்டி வலி தேவலையா?

இங்கே விடுதிக் குடிதண்ணீரில் ஒரு வாரமாகச் சோப்பு வாடை. சலவை அறைத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் வால்வைப் பிரித்தேன். ரப்பருக்கு அடியில் மணல் சிக்கி, மூடாமல் கிடந்தது. வருடம் ஒருமுறை பிரித்துக் கழுவி, தேய்ந்த ரப்பரை மாற்றினால் போதும். சூப்பர்வைசரோ மூன்று வருடமாகப் பிரிக்காமலே ‘சரி’ என்று பராமரிப்பு அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கேட்டால், “வெளிய பளபளன்னுதானேய்யா இருக்கு?” என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தண்ணீரை நானும்தான் குடித்தேன். வயிறு சுத்தமாகியிருக்கும், பயப்படாதே.

நம் மாடித் தொட்டித் தண்ணீர் மோட்டார் வழியாக இறங்கிவிடுவதும் இப்படி ஒரு வால்வு மூடாததால்தான். “வந்து பாத்துக்கிறேன்” என்று நானும் மூன்று வருடமாகச் சொல்கிறேன். எனக்காகக் காத்திருக்காதே, ஆளைக் கூப்பிட்டுவிடு.

வேலைக்குக் கூட்டிப்போக வந்த வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன் வீட்டுக்காரன்