மின்னாத டைல்ஸ்

ஜூலை 6, ஞாயிறு

இந்த வருடம் எப்படியும் டைல்ஸ் போட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது. கூடத்து சிமெண்ட் தரை பொரிந்துபோய், பெருக்கினால் மண்ணாக வருகிறது. தங்கை போனில் பெரிய பாடமே எடுத்தாள். அறையை அளந்துகொண்டு போ, உடைசலுக்கும் சேர்த்து வாங்கு, எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச்தானா பார், இல்லாவிட்டால் கூடம் ஒரு வெள்ளை, சமையலறை வேறொரு வெள்ளை ஆகிவிடும். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: முகம் தெரிகிற மாதிரி மின்ன வேண்டும். கல்யாணமான நாள்முதல் இருக்கிற ஆசை.

அவரிடம் கேட்டால், "உனக்குப் பிடிச்சதை எடு" என்று ஒரே வார்த்தை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்றாலும் அப்படித்தான். என்மேல் என்ன கோபமோ.

ஜூலை 12, சனி

 நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டைல்ஸ் கடையில் ஒரு பெண் எங்களுக்குக் காட்டினாள். நல்ல பொறுமைசாலி. ஒரு படி உயரத்துக்கு மேடை மாதிரி கட்டி, வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். சுற்றித் தரையிலும் அதே வெள்ளை. மேலே எரிகிற விளக்கெல்லாம் கீழேயும் எரிந்தது. நான் சொக்கிப்போய் நின்றேன். "நடந்து பாருங்க சார்" என்றாள். அவர் மேடைமேல் நடந்தார். ஓரம் வந்தது. அவர் நிற்கவில்லை. தரை இன்னும் இருக்கிறது என்பதுபோலக் காலை வெறுங்காற்றில் வைத்து, அப்படியே முட்டி மடங்கி விழுந்தார்.

வழுக்கிவிட்டது என்றார். வழுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அந்தப் பெண் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து அவருடைய இடது பக்கம் போட்டாள். இவர் வலது பக்கம் தேடுகிறார். நாற்காலி இடது கையில் உரசாத குறை. தண்ணீர் நீட்டினாள், தலையை முழுசாகத் திருப்பிய பிறகுதான் தம்ளர் அவருக்குத் தெரிந்தது. அவள் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "சாருக்குப் பார்வைல ஏதாச்சும் பிரச்சினையா மேடம்?" என்றாள். அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

என் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

ஜூலை 14, திங்கள்

வழக்கம்போல வேனை எடுத்துக்கொண்டு போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேக்கலை? கேட்டா நெஜமாயிடும்னா?

ஜூலை 15, செவ்வாய்

கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு. மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் கை என்று திட்டித் துடைப்பேன். அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் எப்படி வருகிறது என்று யோசித்ததே இல்லை. இன்று உட்கார்ந்து பார்த்தேன். சமையலறையிலிருந்து வரும்போது சுவரைத் தடவிக்கொண்டே வருகிறார்.

சாப்பிடும்போது இடது பக்கமாகப் போய் நின்றேன். சும்மா நின்றேன். அவர் சாப்பிட்டு முடித்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் நிக்கறதே தெரியலை அவருக்கு.

ஜூலை 16, புதன்

நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டேன். பல் டாக்டர் ஒரு நாள் தானே டோக்கன் கொடுத்துக்கொள்ளட்டும். கடைவீதியில் இறக்கிவிடுங்கள் என்று பொய் சொல்லி, வேனில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பின்னால் முழுக்கப் பிள்ளைகள். ஒரே இரைச்சல்.

பூங்கா திருப்பத்தில் இடது பக்கமிருந்து ஒரு சைக்கிள். எனக்கு நன்றாகத் தெரிகிறது. அவர் பாட்டுக்கு ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். நான் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்... எழுத வரலை. சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். பிள்ளைகள் ஒரு நொடி அடங்கிவிட்டு மறுபடி கத்த ஆரம்பித்தார்கள். அவங்களுக்குத் தெரியாது. கடவுளே, அவங்க யாருக்குமே தெரியாது.

பள்ளிக்கூடம்வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். கடைசிப் பிள்ளை இறங்கியதும் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"எப்போலேந்து?"

"ரெண்டு வருஷமா இருக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். சொட்டு மருந்து குடுத்தாங்க. போட்டா எரியுது, கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மங்கலாயிடுது. வண்டி ஓட்ட முடியலை. அதான் மருந்தை நிறுத்திட்டேன்."

சாதம் குழைந்துவிட்டது என்பதுபோலச் சொல்கிறார். வண்டி ஓட்டுவதற்காகக் கண் மருந்தை நிறுத்தியிருக்கிறார்.  

"வேன் ஓனருக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன். அவரே போன் போட்டார். ஓனர் வேறு ஆளை அனுப்பி வேனை எடுத்துக்கொண்டார். நாங்கள் நடந்து வீட்டுக்கு வந்தோம். வழி முழுக்க அவர் கை என் தோளில்.

ஜூலை 19, சனி

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டதாம். போன பார்வை போனதுதான். மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். எனக்குப் புரியவேண்டும் என்று கையைக் குழல் மாதிரி மடக்கிக் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இவர் முகம் மட்டும் தெரிந்தது. நாற்காலி இல்லை, கதவு இல்லை, தரை இல்லை.

வீட்டில் தரை எப்படி என்று டாக்டர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. நர்ஸ் வந்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே போய் அழுதேன்.

ஜூலை 27, ஞாயிறு

மறுபடி அதே கடை, அதே பெண். உண்மையைச் சொன்னேன். அவள் வெள்ளைப் பக்கமே எங்களைக் கூட்டிப்போகவில்லை. பளபளப்பில் விளக்கு விழுந்தால் கண் கூசும், படி மறையும் என்றாள். பூப்போட்டதும் வேண்டாம், கறுப்புப் பூவைப் பள்ளம் என்று நினைத்துக் காலை எடுத்துவைப்பார் என்றாள். மின்னாத, சொரசொரப்பான வகைகளை வரிசையாகப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, இவரைச் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னாள்.

நடந்தார். திரும்ப வந்தார். இன்னொன்றில் நடந்தார். "இது புடிச்சு நிக்குது" என்றார். வெளுத்த மண் நிறம். படி ஓரத்துக்கு மட்டும் கறுப்புப் பட்டை. பின்னால் கேட்டால் இதே நிறம் கிடைக்காது என்பதால் இரண்டு பெட்டி கூடுதலாக எடுத்துக்கொண்டோம்.

வெளியே வரும்போது அந்த வெள்ளையை ஒரு தரம் பார்த்தேன். மனசு அடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். கால்தான் கூசியது.

ஆகஸ்ட் 9, சனி

டைல்ஸ் போட்டு முடிந்தது. நாளைவரை யாரும் மிதிக்கக் கூடாதாம். சாப்பாடு வாசலில்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வாசலில் வேன் ஓனர். அன்றைக்குப் பிறகு முகத்திலேயே விழிக்காதவர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்தார், புதுத் தரையை ஒரு சுற்றுப் பார்த்தார், உட்காராமலே பேசினார். புது டிரைவருக்கு எந்தப் பிள்ளையை எந்தக் கதவில் இறக்குவது என்று தெரியவில்லை, பெற்றோர் சத்தம் போடுகிறார்கள். "பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுத்தா போதும். ஸ்டியரிங் பக்கம் கை போகக் கூடாது."

இவர் சரி என்றார். சட்டை மாற்றப் போனார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சாயங்காலம் வேன் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து பார்த்தேன். முன் கதவு திறந்தது. அவர் காலால் படியைத் துழாவுவதற்குள், பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் இறங்கி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பல் இரண்டும் இல்லை.

"மாமா, மெதுவா. இன்னும் ஒரு படி இருக்கு."

இறங்கினார். அவள் திரும்ப ஏறி உட்கார்ந்த பிறகுதான் வேன் கிளம்பியது.

உள்ளே வந்தார். சொட்டு மருந்தை எடுத்து என்னிடம் கொடுத்து, முகத்தை நிமிர்த்திக் காட்டினார். போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பொண்ணு சொல்லுது, திங்கக்கிழமையும் வரணுமாம்."