ஒரு பிள்ளைக்கு இரண்டு சடங்கு

எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட மதினிக்கு,

நாளை நம் ஊர் மந்தையில் கொடி ஏற்றுகிறார்கள். வெள்ளைக்காரன் போகிறான். கொடி ஏற்றப் போவது யார் தெரியுமா? மச்சுவீட்டு மாமா. நீ கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

நேற்று நம் வீட்டுக்கு வந்தார். புதுக் கதர். கஞ்சி விறைப்பில், அவர் உட்கார்ந்த பிறகும் சட்டை நின்றுகொண்டே இருந்தது. போன சித்திரை வரை சீமைத்துணியைத் தவிர வேறெதுவும் அந்த உடம்பில் பட்டதில்லை. கதர் குத்துகிறது போலும், பேசப் பேச முதுகைச் சொறிந்தார். இந்த ஊர்ப் பெண்கள் வெள்ளைக்காரனுக்கு எதிரான நோட்டீசுகளைக் கடத்தியதெல்லாம் அவர் கொடுத்த தைரியத்தில்தானாம். நாளை மதுரையிலிருந்து வரும் தலைவர் முன்னால் அப்படித்தான் பேசப்போகிறாராம்.

அவருக்கு என்ன தெரியும்? நான் பெரியவளாகிப் பள்ளிக்கூடம் நின்றபோது, ஆனையூர்த் தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்தார். வழியில் நின்ற போலீசுக்காரர்கள் தட்டுகளைத் தொடாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதை நீ மட்டும்தான் கவனித்தாய். பிறகு எந்த ஊரில் எந்தப் பெண் பெரியவளானாலும், சீர்ப் பணியாரத்துக்கு அடியில் நோட்டீசு போயிற்று. ஒவ்வொரு ஊரிலும் ஒரு அத்தை, ஒரு சின்னம்மா. ஒருத்திக்கு அடுத்த ஊர்க்காரியை மட்டும்தான் தெரியும். மேளக்காரரைத் தவிர அந்த ஏற்பாட்டில் ஆம்பளையே கிடையாது.

ஒரு தடவை நோட்டீசு வந்துவிட்டது, சடங்குக்குப் பெண் இல்லை. அதற்காகக் காத்திருக்க முடியுமா? என்னையே மறுபடியும் பச்சை ஓலை வேய்ந்த சடங்குக் குச்சிலில் உட்காரவைத்தாய். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. ஊர்ப் பெண்களெல்லாம் தெரிந்தும் தெரியாததுபோலக் குலவை போட்டார்கள். சாவடியில் உட்கார்ந்திருந்த மாமாதான் ஏட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏட்டய்யா, ஒரு பிள்ளைக்கு எத்தன தடவ சடங்கு சுத்துவாக?"

அவ்வளவுதான். தட்டுகளின் துணியை விலக்கினார்கள். ஜெயிலுக்கு நீ நடந்து போனாய். காய்ச்சலில் செத்து, வண்டியில் வந்தாய். துட்டி கேட்கக்கூட அவர் வரவில்லை.

நேற்று கிளம்பும்போது சொன்னார்: "ஒச்சு, கொடியேத்தும்போது மாமாவுக்கு ஆரத்தி நீதேன் எடுக்கணும். ஒன் மதினி இருந்தா அவதேன் எடுத்திருப்பா."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வழக்கம்போல வார்த்தை வரவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவும், "எடுத்துட்டு வந்துரு தாயி. பெரிய மனுசன் பொல்லாப்பு நமக்கு வேண்டாம்" என்கிறாள். நீ எடுத்திருப்பாயா மதினி?

நான் எடுக்கிறேன். ஆரத்தி சுற்றுகிறவளைத் தள்ளி நிற்கச் சொல்ல யாராலும் முடியாது. ஊரும் மதுரைத் தலைவரும் பார்த்திருக்க, தட்டைக் கையில் ஏந்தியபடி, அன்று அவர் ஏட்டிடம் கேட்டதை நான் அவரிடம் கேட்பேன். குரல் நடுங்கினாலும் கடைசி வார்த்தை வரை கேட்பேன். பதில் சொன்ன பிறகுதான் அந்த நெற்றிக்குப் பொட்டு.

இரண்டு முறை நீ சடங்கு செய்து வைத்த உன் நாத்தனார்,
ஒச்சம்மாள்